கீழ்வீட்டு உப்பு

அந்தக் காலத்தில் மரங்களுக்கெல்லாம் வாய் இருந்தது. வாய்க்கு ஓய்வுதான் இல்லை. வெயில் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொரு மரமும் தன் இலைகளில் அடுப்பைப் பற்றவைக்கும். சமைத்தபடியே ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்க்கும். ஆனால் சமைத்ததை மட்டும் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. அவரவர் சமையல் அவரவர் வயிற்றுக்கு.

அப்படியொரு மலைச்சரிவில், பாறைகளுக்கு நடுவே குடியிருந்தாள் குங்கிலி என்ற இளம் குங்கிலிய மரம். கைப்பக்குவத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெயிலையும் காற்றையும் சேர்த்து அவள் காய்ச்சும் பாயசம் சரிவு முழுக்க மணக்கும். ஆனால் பாவம், அவள் அடுப்படியில் இருந்தது அந்தப் பாயசம் ஒன்றுதான். அவள் வேர்கள் தடித்தவை. பாறை இடுக்கில் கிடக்கும் உப்பையும் ஈரத்தையும் அவற்றால் எட்ட முடியவில்லை. காலையிலும் பாயசம், மாலையிலும் பாயசம் என்றால் ஓர் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இலைகள் மஞ்சளாகிவிட்டன. மற்ற மரங்கள் பூத்துக் குலுங்க, இவளுக்கு ஒரு மொட்டுகூட வரவில்லை.

பக்கத்தில் கருங்காலி என்று ஒருத்தி. நல்லவள்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். "ஏண்டி குங்கிலி, இந்தக் கோடையைத் தாண்ட மாட்டே போலிருக்கே! விறகுக்குத்தான் ஆவே" என்றாள்.

குங்கிலி தன் மஞ்சள் இலைகளைக் குனிந்து பார்த்தாள். சாவதுகூடப் பெரிதில்லை. ஒரு தடவையாவது பூக்காமல் சாவதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அன்றைக்கும் பாயசம் மீந்துபோனது. கொட்ட மனம் வராமல் அவள் நின்றபோது காலடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேல்வீட்டு அக்கா, இன்னிக்கு ஏலக்காய் தட்டிப் போட்டியா? வாசனை ஆளைத் தூக்குதே!"

பேசியவள் பூஞ்சாயி. மண்ணுக்குள் வாழும் பூஞ்சைக் குலத்துப் பெண், நூல் மாதிரி மெலிந்தவள். எந்தப் பாறை இடுக்கிலும் நுழைந்துவிடுவாள். ஆனால் அவளுக்கு வெயில் ஆகாது. அதனால் அடுப்பும் கிடையாது. உதிர்ந்த சருகை ஊறவைத்துத் தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். மரங்கள் அவள் குலத்தாரிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

குங்கிலி அதையெல்லாம் யோசிக்கவில்லை. தன் பட்டையில் ஒரு கிண்ணம் செய்தாள். பாயசத்தை ஊற்றி வேர் வழியே கீழே இறக்கினாள். "வீணாத்தான் போகுது. நீ சாப்பிடு தாயி."

கருங்காலி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! அந்தக் கிண்ணம் திரும்பி வராது பாரு."

என்ன வாய்முகூர்த்தமோ, கிண்ணம் திரும்பி வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. சரிவே கேலி பேசியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குங்கிலி கடைசியில் தானே குனிந்து கூப்பிட்டாள்.

"பூஞ்சாயி, பாயசம் பிடிக்கலையா?"

"ஐயோ, பிடிக்காமலா! வழிச்சு நக்கிட்டேன்க்கா."

"அப்போ கிண்ணம்?"

 கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். வெறுங்கிண்ணத்தை எப்படிக்கா திருப்பிக் குடுக்கிறது? அதுல எதையாவது போட்டுத்தானே குடுக்கணும். எங்க வீட்டுல போடுறதுக்கு ஒண்ணுமில்லையே."

குங்கிலிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஒண்ணுமே இல்லையா? நல்லா யோசிச்சுப் பாரு."

"பாறையில சுரண்டின உப்புதான் கொஞ்சம் இருக்கு. ஈரம் பட்டு நசநசன்னு கிடக்கு. அதைப் போய் எப்படிக் குடுப்பேன்? உப்பைக் குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்களே!"

உப்பு! குங்கிலிக்கு வேரிலிருந்து நுனிவரை சிலிர்த்துவிட்டது.

"வாங்காதேடி!" என்று கத்தினாள் கருங்காலி. "உப்பு வாங்கின வீடு உருப்பட்டதா? சண்டையிலதான் முடியும்."

"முடியட்டுமே! சண்டை போடுறதுக்காவது உசுரு வேணுமில்ல? நீ அனுப்பு பூஞ்சாயி!"

கிண்ணம் மேலே வந்தது. அடியில் ஒரு சிட்டிகை உப்பு, ஈரத்தோடு. குங்கிலி கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தாள். அடடா! அவள் அப்படியொரு ருசியைப் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. வெட்கத்தை விட்டுக் கிண்ணத்தின் மூலை முடுக்கெல்லாம் துடைத்துத் தின்றாள்.

தின்று முடித்த பிறகுதான் கவனித்தாள், இப்போது வெறுங்கிண்ணம் அவள் கையில் இருந்தது. அதை அப்படியே அனுப்பலாமா? பாயசத்தை நிரப்பி அனுப்பினாள். அது வெறுங்கிண்ணமானதும் பூஞ்சாயி உப்பைப் போட்டு அனுப்பினாள். அவள் சும்மா விட்டாலும் இவள் விடவில்லை, இவள் விட்டாலும் அவள் விடவில்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கிண்ணமே தேய்ந்து ஒருநாள் உடைந்துபோனது.

"இனிமே எதுக்குக்கா கிண்ணம்? நடுச்சுவரை எடுத்திடலாம்" என்றாள் பூஞ்சாயி. தன் மெல்லிய நூல்களால் குங்கிலியின் வேர் நுனிகளைச் சுற்றிக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்படியாகிப்போனது.

கருங்காலி சொன்ன மாதிரி சண்டையும் வரத்தான் செய்தது. "இவ்வளவு பாயசத்துக்கு இத்துனூண்டு உப்பா?" என்று இவள் கேட்பாள். "பாறையைச் சுரண்டிப் பாரு, தெரியும்" என்று அவள் சொல்வாள். பசிக்கும் நேரத்தில் சமாதானமாகிவிடுவார்கள்.

குங்கிலியின் இலைகள் பச்சைப் பசேலென்று ஆயின. கோடை வந்தது. அவள் காயவில்லை, பூத்தாள்! கிளை தெரியாமல் பூத்தாள். தன் பூவைத் தானே பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். வாசனை தாங்காமல் கருங்காலி மெதுவாகக் குரலை இறக்கிக் கேட்டாள். "ஏண்டி, பூஞ்சாயிக்குத் தங்கச்சி யாராச்சும் இருக்காளா? இருந்தா என் பக்கம் கொஞ்சம் அனுப்பச் சொல்லேன்." சரிவே சிரித்தது. பூஞ்சாயிக்குத் தங்கச்சிகளுக்கா பஞ்சம்?

"எல்லாரும் பூ பூன்னு பேசுறீங்க. அது எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள் பூஞ்சாயி.

"வந்து பாரேன்டி! உன் உப்பு போட்டு வளர்ந்த பூ."

"வெயில் எனக்கு ஆகாதே."

"மழை விட்டதும் வா. ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு வா."

முதல் மழை விட்டது. பூஞ்சாயி வெள்ளைக் குடை ஒன்றை விரித்துக்கொண்டு, தங்கச்சிகள் புடைசூழ, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.  குங்கிலி கிளையை அசைத்து அவள் குடைமேல் பூவாகக் கொட்டினாள்.

அன்று முதல்தான் மரத்தின் வேரும் மண்ணின் பூஞ்சையும் ஒரே அடுப்படியில் உண்டு வாழ்கின்றன. அன்று முதல்தான், மழை விட்டதும் மேல்வீட்டைப் பார்க்க மரத்தடியில் காளான்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்கின்றன.