சாதாரணம் என்று எழுதிய குழாய்

மரபணு ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தாவுக்கு ஒரு சோம்பல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் தேவைப்படும்போதெல்லாம் வெளியே ஆள் தேட மாட்டாள். தன் கையிலிருந்தே எடுத்து, குழாயில் ‘சாதாரணம்’ என்று எழுதி வைத்துவிடுவாள். ஆய்வு மாணவர்கள் பலரும் செய்கிற திருட்டுத்தனம்தான்.

அந்த ஆண்டு அவள் ஆராய்ந்தது ஒரே குடும்பத்தை. அவர்களில் பலருக்கு நெற்றி முடியில் வெள்ளைக் கற்றை இருந்தது. சிலருக்கு நீலக் கண். சிலருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை முடிவுகள் திரையில் வந்தன. இவற்றுக்கெல்லாம் காரணம் என்று அவள் தேடிய மரபணு மாற்றம் அந்தக் குடும்பத்தின் குழாய்களில் இருந்தது. ‘சாதாரணம்’ குழாயிலும் இருந்தது.

குழாய் மாறிப்போயிருக்கும் என்று மறுபடி செய்தாள். மூன்றாம் முறையும் அதுவே வந்தது. அவள் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை இருந்தது.

கல்லூரி நாளிலிருந்தே நெற்றியோரத்து வெள்ளை முடிக்கு அவள் டை அடித்து வருகிறாள். இளநரை என்று அம்மா சொன்னதை நம்பியிருந்தாள். ஊரார் முடியையெல்லாம் புகைப்படம் எடுத்து வைத்தவளுக்குத் தன் முடி கண்ணில் படவில்லை.

முடிவுகளை அச்செடுத்த தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் தையல்நாயகியின் அறைக்கு ஓடினாள்.

“மேடம், அந்தச் சாதாரணம் நான்தான்.”

பேராசிரியர் தாளைப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெசிந்தாவுக்கு.

“என் பிள்ளைக்குக் காது கேட்குமா, மேடம்?”

“வா.”

குடும்பங்களைச் சந்திக்கும் சின்ன அறைக்கு அழைத்துப் போனார். மேசைக்கு ஒரு பக்கம் சுழல் நாற்காலி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. சுழல் நாற்காலியில் உட்காருவது ஜெசிந்தாவின் வழக்கம். இன்று பேராசிரியர் அதில் உட்கார்ந்துகொண்டு, எதிர் நாற்காலியை அவளுக்குக் காட்டினார்.

“அந்தக் குடும்பத்து முப்பிடாதி மாசமா இருக்காங்க. போன வாரம் இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. நீ என்ன சொன்ன?”

“மாற்றம் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் காது கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பிறந்த பிறகுதான் தெரியும்னு சொன்னேன்.”

“தப்பில்ல. அப்புறம்?”

“அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.”

பேராசிரியர் மேசையிலிருந்த கோப்பைப் பிரித்தார். தலை நிமிராமல், அவளுடைய வேகத்திலேயே சொன்னார்.

“மாற்றம் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் காது கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பிறந்த பிறகுதான் தெரியும்.”

கோப்பை மூடினார். கதவைப் பார்த்து, “அடுத்தது யாரு?” என்றார்.

ஜெசிந்தாவால் எழுந்திருக்க முடியவில்லை. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிழையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்களும் எந்திரிக்காம இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க, மேடம். நான்தான் நேரமாச்சுன்னு அனுப்பிட்டேன்.”

பேராசிரியர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

“பயமா இருக்கு, மேடம். நான் என்ன செய்யட்டும்?”

“நாளைக்கு அவங்க திரும்ப வர்றாங்க. இந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி போட்டு, அவங்க பக்கத்துல உட்காரு.”