சீனியம்மாள் வாசலில் கட்டிய ஆடுகள்

சிறு விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியத்தில் கொடுத்த ஆடுகளெல்லாம் ஊராட்சித் தலைவர் ராசமாணிக்கத்தின் கொட்டகையில்தான் வளர்ந்தன. சீனியம்மாள் பெயரிலும் இரண்டு வந்திருந்தன. அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை.

சாயங்காலம் அதிகாரி அவள் வீட்டுக்குப் பார்வையிட வருகிறார் என்றதும், தலைவர் இரண்டு ஆடுகளை இழுத்துவந்து அவள் வாசலில் கட்டினார்.

“என் ஆடுதான்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, இனி எந்த மானியமும் உன் வீட்டுப் பக்கம் வராது!”

“இதுவே இன்னைக்குத்தானே வந்திருக்கு தலைவரே. நீங்க சொன்னபடியே சொல்லிடுறேன்.”

ஆடுகளின் மடி பால் கட்டிக் கனத்திருந்தது. சீனியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள்.

அதிகாரி வந்தார். “உங்க ஆடாம்மா?”

“என் ஆடுதாங்க. குட்டிக்குப் பால் கொடுக்கிற நேரம், அவுத்து விடட்டுங்களா?”

“குட்டியும் இருக்கா? விடுங்க, பார்ப்போம்.”

அவிழ்த்ததுதான் தாமதம், இரண்டும் கத்திக்கொண்டே தெருவைத் தாண்டித் தலைவரின் கொட்டகைக்குள் பாய்ந்தன. பின்னாலேயே போன அதிகாரி, அங்கே குட்டிகளோடு, காதில் அரசாங்க வில்லை தொங்க, ஊருக்கு வந்த ஆடுகள் அத்தனையும் நிற்பதைக் கண்டார்.

“ஏ சீனி, என்ன காரியம் பண்ணினே!” என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

“நீங்க சொன்னதை நான் சொல்லிட்டேன் தலைவரே. ஆட்டுக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்ல?”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆடுகளை உரியவர்களிடம் அப்போதே ஒப்படைக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் சீனியம்மாள் வாசலில் குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன.