நான்காவது ஸ்க்ரூ

கோயம்புத்தூரில், ஒரு பழைய வீட்டுச் சமையலறையில் ஓர் இரும்புக் குழாய் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவருவது அதன் வேலை. சுவருக்குள் புதையாமல், வந்து போகிறவர்கள் கண்ணிலெல்லாம் படும்படி சுவரோடு இறங்கி, பாத்திரம் கழுவும் சிங்க்குக்குக் கீழே மடங்கித் திரும்பும்.

அந்த மடக்கில்தான் அதற்கு நோய். போன தீபாவளிக்கு முன்னால் துரு அரித்து, மயிரிழை போல ஒரு கீறல் விழுந்து, சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரி சாந்தாமணி தினமும் காலையில் கரித்துணியால் அதைத் துடைத்துவிடுவாள். கணவர் கனகராஜிடம் சொல்லவில்லை.

அவள் சொல்லாமல் வைத்திருந்தது அதை மட்டுமல்ல. ஏறக்குறைய அதே நாட்களில், இடது அக்குளுக்குக் கீழே அவள் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அடுப்படியில் தனியாக இருக்கும்போது அதை அழுத்திப் பார்த்துக்கொள்வாள். "பொங்கல் போகட்டும்" என்றாள். பொங்கல் போனது. "கிச்சன் வேல முடியட்டும்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தவை குழாயும் கரித்துணியும் மட்டும்தான்.

மகளின் வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் சமையலறையைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். சுவரை வெட்டிக் குழாயைப் பதிக்கலாம் என்றால் அந்தக் கிழட்டுச் சுவர் தாங்காது. அதனால் வேலைக்கு வந்த ஷெரீப் வேறு திட்டம் போட்டான். குழாய்க்கு முன்னால் இரண்டு கட்டை, கட்டையின் மேல் ஒரு முதுகுப் பலகை, பலகைக்கு நான்கு ஸ்க்ரூ, அதற்கு முன்னால் பளபளவென்று அலமாரி. குழாய் என்று ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

"உனக்கு நல்ல காலம்," என்றது அலமாரி. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை, அதற்குள் அதிகாரம். "இனி உன் துருவை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள்."

குழாய்க்கு அது தேன் மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை விருந்தாளி முன்னால் அசிங்கப்பட்டு நின்றிருக்கிறது.

"சந்தோஷப்படாதே," என்றது கரித்துணி. "பலகைக்கு அந்தப் பக்கம் என்னால் வர முடியாது. அப்புறம் உன்னை யார் துடைப்பார்கள்?"

"துடைக்கவே வேண்டாம். யாருக்கும் தெரியாதே."

"அந்தக் கீறலுக்குத் தெரியும்," என்றது கரித்துணி.

ஷெரீப் காலை பத்து மணிக்கு வந்தான். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே சாந்தாமணி குனிந்து மடக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஷெரீப் குழாயைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது.

"பைப்புல ஒழுக்கு கிழுக்கு எதுவும் இல்லீங்களேக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நீங்க மூடுங்க."

கட்டைகள் ஏறின. பலகை வந்து நின்றது. குழாய்க்குப் பாதி வெளிச்சம் போய்விட்டது. முதல் ஸ்க்ரூ இறங்கியது.

அப்போது கீறலின் நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது.

"நான் விழட்டுமா?" என்றது சொட்டு.

"பொறு," என்றது குழாய். "அந்த ஆள் போகட்டும்."

இரண்டாவது ஸ்க்ரூ. பலகை அதிர்ந்தது, குழாயும் அதிர்ந்தது. சொட்டு பெருத்தது.

"என்னால் தொங்க முடியவில்லை."

"வாயை மூடிக்கொண்டு இரு. இன்னும் இரண்டுதான்."

"அப்புறம்?" என்றது சொட்டு. "அப்புறம் நான் விழுந்தால் யார் பார்ப்பார்கள்? எனக்குப் பின்னால் வருகிறவர்கள் விழுந்தால்?"

மூன்றாவது ஸ்க்ரூ இறங்கியது. இப்போது பலகையின் கீழ் மூலையில் மட்டும் ஒரு சாண் இடுக்கு பாக்கி. அந்த இடுக்கு வழியாகக் குழாய்க்கு சாந்தாமணி தெரிந்தாள். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளது வலது கை, அவளுக்கே தெரியாமல், இடது அக்குளுக்குக் கீழே போயிருந்தது.

"சீக்கிரம் மூடிருங்க தம்பி," என்றாள். "மூடிட்டா கண்ணுல படாது. கண்ணுல படாட்டி மனசுக்கு நிம்மதி."

குழாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தன் பேச்சு. வார்த்தைதான் வேறு, பேச்சு தன்னுடையதேதான். இத்தனை நாள் தன் நல்லதுக்குத்தான் அவள் துடைத்துவிடுகிறாள் என்று நினைத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பது இப்போதுதான் அதற்குப் புரிந்தது. பயமாக இருந்தது. அவமானத்தைவிட அது பெரிய பயம்.

ஷெரீப் நான்காவது ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்தான். பலகையைத் தாங்கிய மறு கை இடுக்குக்குள், மடக்குக்கு நேர் கீழே இருந்தது.

"போ," என்றது குழாய்.

சொட்டு அவன் மணிக்கட்டில் விழுந்தது.

ஷெரீப் கையைப் பார்த்தான். மேலே பார்த்தான். ஸ்க்ரூ இறக்கும் மெஷினை எதிர்ப்பக்கம் சுழலவிட்டு, போட்ட மூன்று ஸ்க்ரூவையும் கழற்றினான்.

"என்னப்பா இது?" என்றது அலமாரி. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

மடக்கை அவன் விரலால் அழுத்தினான். துரு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "எத்தன நாளா இருக்குதுங்க்கா?"

சாந்தாமணி தரையைப் பார்த்தாள். "தீபாவளிக்கு முன்னாலருந்து. தினமும் தொடச்சு விட்டுருவேன். அதுனால தெரியாது."

"தொடச்சா தெரியாது, சரி. ஆனா ஆறாதுங்க்கா." அவன் குரலில் கோபமில்லை. "இப்பவே பாத்ததுனால இந்த வளைவ மட்டும் மாத்துனாப் போதும். மூடியிருந்தா நாலு மாசத்துல செவுரு, பலக எல்லாம் போயிருக்கும். சொல்லீருக்கலாமில்லீங்க?"

"வேல நின்னு போகுமேன்னு..."

"ரெண்டு நாள் நிக்கும். நின்னா என்னங்க்கா? பலகைல ஒரு சின்னக் கதவும் வெச்சுத் தர்றேன். அப்பப்பத் தொறந்து பாத்துக்கலாம்."

"என் முதுகில் கதவா?" என்று முனகியது அலமாரி.

ஷெரீப் வால்வை அடைக்க மொட்டைமாடிக்குப் போனான். திறந்து கிடந்த சுவரில் குழாய் நின்றது, துருவோடு, கீறலோடு, இன்னொரு சொட்டோடு.

சாந்தாமணி பழக்கத்தில் கரித்துணியை எடுத்தாள். குனிந்தாள். துணி மடக்கின் பக்கத்தில் போய் நின்றது.

அவள் துடைக்கவில்லை. சொட்டு திரண்டு, தொங்கி, விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை மேடையில் வைத்துவிட்டு, முன்னறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பேப்பர வெச்சுட்டு ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"என்ன, பைப்பு ஒழுகுதா?" என்றார் கனகராஜ் இருந்த இடத்திலிருந்தே.

"பைப்ப அந்தத் தம்பி பாத்துக்குவாரு," என்றாள் சாந்தாமணி. "நீங்க என்னைப் பாக்கோணும்."