அந்தப்புரத்துப் பதினைந்து இறால்கள்

வெகு காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டைக் கடம்பவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். என்ன, காலையில் மனசில் தோன்றுவது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். அவனுக்கு ஒரு வியாபாரி விரல்நுனி நீளச் சிவப்பு இறால் முப்பது கொடுத்தான். ஆற்றுத் தண்ணீரில் வாழும் இனம். "பாதி சபைத் தொட்டிக்கு, பாதி அந்தப்புரத் தொட்டிக்கு" என்ற ராஜா உடனே, "நில்லுங்கள்! அந்தப்புரத்தில் என்னைத் தவிர வேறு ஆண் கூடாது. இறாலானாலும் பெண்ணாகப் பார்த்து அனுப்புங்கள்" என்றான்.

பிரிக்கும் வேலை அந்தப்புரக் காவல் அதிகாரி தனஞ்சயராயருக்கு வந்தது. "இதென்ன பிரமாதம்! சேவலைப் பாருங்கள், ஏன், மகாராஜாவையே பாருங்கள்! பெரிசாய், பளபளவென்று இருப்பது ஆண். சோனியாய் வெளிறியது பெண்" என்று பிரித்துத் தள்ளிவிட்டார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

தொட்டி கழுவும் செம்பாயிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. ஆறு மாசம் பார்த்துவிட்டு ராணியிடம், "அம்மா, இங்கே இருப்பது பூராவும் ஆண்" என்று சொல்லிவிட்டாள். அது ராயர் காதுக்குப் போயிற்று. இவள் சொல்வது மெய்யானால் தன் பதவி என்னாவது!

"அந்தப்புரத்தில் ஆண்களாம்! எவ்வளவு பெரிய அவதூறு! இவளை நாடு கடத்துங்கள்!" என்று சபையில் குதித்தார்.

இந்த ஊரை விட்டால் செம்பாயிக்குப் போக்கிடம் ஏது? ஆனாலும் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"மகாராஜா, பெண் இறாலுக்கு வயிறு வளைந்து இறங்கியிருக்கும், முட்டை சுமக்க இடம் வேண்டுமே. பிடரியில் சேணம் போட்டாற்போல மஞ்சள் திட்டும் தெரியும். ஆணுக்கு வயிறு நேராக இருக்கும்."

"தொப்பை இருந்தால் பெண்ணா? அப்போது நான் யாரடி?" என்றார் ராயர். சபை சிரித்தது.

"சபைத் தொட்டியில் ஒன்று இன்றைக்குக் காலையில் சட்டை உரித்திருக்கிறது. அதை அந்தப்புரத் தொட்டியில் விடுகிறேன். சட்டை உரித்த பெண்ணை ஆண்கள் தேடி அலையும், சேர்ந்தால் நாளைக்கே முட்டை வரும்."

"ஐயையோ! ஆணை உள்ளே விடுவதா?"

"ஐயா சொல்வது சரியானால் ஒரே ஒரு ஆண் போகும், நானும் நாட்டை விட்டுப் போகிறேன். நான் சொல்வது சரியானால், ஐயா உத்தரவில் பதினைந்து ஆண்கள் ஆறு மாசமாக உள்ளே குடியிருக்கிறார்கள்."

ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. ராஜா, "விடு, பார்ப்போம்" என்றான்.

விட்டதுதான் தாமதம், சோனி இறால் பதினைந்தும் பித்துப் பிடித்தாற்போல் தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்தின. ராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பயந்து ஓடுகின்றன!" என்று சமாளித்தார் ராயர்.

மறுநாள் காலை அந்தப் பெரிய இறாலின் வயிற்றடியில் கொத்தாக முட்டை. அது கால்களால் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தது. செம்பாயிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"என்ன ராயரே," என்றான் ராஜா, "அந்தப்புரத்துக்குள் ஆணை விட்டவனுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?"

ராயர் தடாலென்று காலில் விழுந்தார். செம்பாயிக்கே பாவமாகிவிட்டது. "தலையை எல்லாம் வாங்க வேண்டாம் மகாராஜா, வேலை ஏதாவது கொடுங்கள்."

"சரி. முட்டை இறாலைச் சபைத் தொட்டிக்கே மாற்றுங்கள். குஞ்சு பொரித்ததும் ஆண் வேறு, பெண் வேறாகப் பிரித்துவிட்டு இவர் எழுந்திருக்கட்டும்."

"குஞ்சில் யாராலும் கண்டுபிடிக்க முடியாதே! வளர இரண்டு மூன்று மாசமாகும்" என்றாள் செம்பாயி.

"அதுவரை சபைத் தொட்டியோரமே உட்காரட்டும். இனி இரண்டு தொட்டிக்கும் நீதான் அதிகாரி. எதை எங்கே விடுவது என்பது உன் இஷ்டம்."

கொஞ்ச நாளில் அயல்நாட்டுத் தூதர் ஒருவர் வந்து சபைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதில் எது ஆண்?" என்று கேட்டார். தொட்டியோரம் உட்கார்ந்திருந்த ராயர் நிமிரவே இல்லை.

"எனக்குத் தெரியாது. செம்பாயி அம்மாவைக் கேளுங்கள்."