வாய்க்கால் வேண்டாத உளுந்து

முன்னொரு காலத்தில் கானல்நாட்டைக் கொடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் புத்தி பாதி நேரம் வயிற்றுப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. மானாவாரிக் குடியானவர்கள் விதைக்கு வைத்திருந்த பயறையும் தின்று தீர்த்துவிட்டு, அரண்மனை வாசலில் விதை கேட்டு நின்றார்கள். தப்பான விதையைக் கொடுத்தால் முளையிலேயே கருகும், ஊரே பட்டினி கிடக்கும்.

"உளுந்து கொடுங்கள், வடைக்கு ஆகும்!" என்றார் ராஜா.

"ஆகா, என்ன தீர்க்கதரிசனம்!" என்றார் தோட்ட அதிகாரி தில்லைவிடங்கர். மந்திரி ஆவுடையார் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லிவிட வேண்டும் அவருக்கு. அப்படி ஒரு பொறாமை.

மந்திரி சிரித்தார். "மகாராஜா, எது வறட்சி தாங்கும் என்று நாற்றிலேயே பார்த்துவிடலாம். ஒரே மரப்பெட்டி, ஒரே மண். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு மூன்றையும் வரிசையாக விதைப்போம். இலை விட்டதும் தண்ணீரை நிறுத்துவோம்."

"பச்சைப் பிள்ளையைப் பார்த்து ஜோசியமா? அறுவடையில் அல்லவா தெரியும்!" என்றார் தில்லைவிடங்கர்.

"அதுவரை விதைப்பு காத்திருக்குமா ஐயா? சந்தேகப்படுகிற நீங்களே பெட்டிக்குக் காவல் இருங்கள்."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "பரீட்சையில் உளுந்து ஜெயித்தால் நீர் பதவியை விட்டு இறங்கவேண்டும், மந்திரி!"

பெட்டியைச் சபைக்குக் கொண்டுவந்த அன்று பச்சைப்பயறும் தட்டைப்பயறும் துவண்டு கிடந்தன. உளுந்து மட்டும் தளதளவென்று நின்றது. தில்லைவிடங்கர் மீசையை முறுக்கினார். மந்திரி உளுந்தின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஈரம். மேல்துண்டில் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

"தோற்றேன் மகாராஜா! இந்த அதிசய உளுந்தை அதிகாரியின் நஞ்சை நிலம் முழுக்க முதலில் விதைப்போம். இதற்குத்தான் தண்ணீரே வேண்டாமே! அவர் வயலுக்குப் போகும் ஏரி வாய்க்காலை அடைத்துக் குடியானவர்கள் பக்கம் திருப்பிவிடலாம்."

"பலே! இப்போதே அடையுங்கள்!"

"ஐயையோ! வாய்க்காலை அடைத்தால் பயிர் கருகிப்போகுமே!" என்று அலறினார் தில்லைவிடங்கர்.

"பெட்டியில் கருகவில்லையே?"

"அது... தினம் விடியலில் நான்தான் ஒரு சொம்பு..." நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வடை ஆசையில் ஊரையே பட்டினி போட இருந்தோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

வாடியும் பிழைத்தெழுவது எது என்று பார்க்க மந்திரி பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தார். மறுநாள் காலை பச்சைப்பயறு படுத்தபடியே கிடந்தது. தட்டைப்பயறு நிமிர்ந்து நின்றது. பரீட்சைக்கே உட்காராத உளுந்தை யாரும் சீந்தவில்லை. வண்டி வண்டியாகத் தட்டைப்பயறு விதை ஊருக்குப் போனது. அதிகாரியின் வாய்க்காலை அடைத்து, அந்தத் தண்ணீரையும் குடியானவர்கள் பக்கம் திருப்பினார்கள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்.

தில்லைவிடங்கர் தலையைச் சொறிந்தார். "மகாராஜா, என் வாய்க்காலை எப்போது திறப்பீர்கள்?"

"மழை வந்ததும்," என்றார் ராஜா. "அதுவரை அந்தச் சொம்பாலேயே ஊற்றிக்கொள்ளும்!"