காலி நிலத்தில் நூற்றிருபது வீடு

கொன்றைநகரை ஆண்ட வீரகண்டராயருக்குப் புது ஊர் கட்டுவதில் அப்படி ஒரு பைத்தியம். நல்ல நாள் பார்த்து ஏதாவது ஒரு பொட்டலில் முளைக்குச்சி அடிப்பார். அடித்த மறுநாளே வேலை தொடங்கிவிட வேண்டும். ஏரியிலிருந்து சுடுமண் குழாயில் நல்ல தண்ணீர், அழுக்குத் தண்ணீர் வெளியேற மூடுசாக்கடை, வீடெல்லாம் அதற்குப் பிறகுதான். இது அந்த நாட்டு வழக்கம். இப்படிப் பதினேழு ஊர் ஆகிவிட்டது. அதில் பத்து ஊரில் இன்னும் காக்காய்கூடக் குடிவரவில்லை. தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் வந்து கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தனை குழாயையும் சுட்டுக் கொடுத்தவர்கள் சூளைப்பாளையத்துக் குயவர்கள். அவர்கள் தெருவில் ஒரு முழக் குழாய் கிடையாது. குடிதண்ணீருக்கு ஏரிவரை நடக்க வேண்டும். வாசலில் தேங்கும் சாக்கடை, மழை வந்தால் சூளைக்குள் புகுந்து ஒரு மாத உழைப்பை ஒரு ராத்திரியில் நாசமாக்கிவிடும்.

ஒருநாள் குழாய் செய்யும் மருதாயி சபைக்கே வந்துவிட்டாள். "சாமி, ஊருக்கெல்லாம் குழாய் செய்யறோம். எங்க புள்ளைங்க சாக்கடையத் தாண்டித்தான் சோத்துக்கு வருதுங்க" என்றாள்.

நீர்மந்திரி வாஞ்சியப்பர் எழுந்தார். குழாயும் சாக்கடையும் புது ஊருக்கு மட்டும்தான், குடியிருக்கிற ஊரைத் தோண்டக்கூடாது என்பது பெரிய மகாராஜா காலத்து விதி என்றார். தவிரவும் பன்னிரண்டு வருஷமாக மாதம் தவறாமல் சூளைப்பாளையத்துக்குத் தாமே போய்ப் பார்ப்பதாகவும், அங்கே ஒரு குறையும் இல்லை என்றும் சாதித்தார். மருதாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் ஜன்மத்தில் பார்த்ததில்லை.

சபை விகடன் சிகாமணிக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காகப் பரிந்து பேசப் போனான். ராயருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"சிகாமணி, விதியை மீறாமல் அங்கே தண்ணீர் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோ. மூன்று மாதம் தருகிறேன். முடியாவிட்டால் அந்த ஊர்ப் பேச்சே இனி இந்தச் சபையில் எழக்கூடாது."

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். சிகாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் அவன் பல்லெல்லாம் தெரிய ராயரிடம் வந்தான். பதினெட்டாவது ஊருக்கு அருமையான இடம் கிடைத்திருக்கிறது, பெயர் வீரகண்டபுரம் என்றான். தம் பெயரைக் கேட்டதுமே ராயர் எழுந்து நின்றுவிட்டார். இடத்தைப் பார்த்து நீர்மந்திரி ஓலை கொடுக்க வேண்டும் என்பது முறை. வாஞ்சியப்பர் மெத்தையில் சாய்ந்தபடியே, "நேரில் பார்த்தேன், காலி நிலம்" என்று எழுதி முத்திரை வைத்தார். எல்லா ஊரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

முளைக்குச்சி அடிக்கும் நாளும் வந்தது. ராயர் பல்லக்கை விட்டு இறங்கினார். எதிரே நூற்றிருபது வீடு நின்றது.

"காலி நிலம் என்றார்களே, இதெல்லாம் என்ன?"

"மாதிரி வீடுகள், மகாராஜா. ஊர் எப்படி இருக்கும் என்று தாங்கள் பார்க்க வேண்டாமா?"

"கூரையில் புகை வருகிறதே."

"அசல் மாதிரியே இருக்கட்டும் என்று அடுப்பு மூட்டச் சொன்னேன்."

ஒரு வீட்டுக்குள் புருஷனும் பெண்சாதியும் உப்பு விஷயமாகச் சண்டை போடுவது தெருவரை கேட்டது. அதுவும் மாதிரிதானா என்றார் ராயர். அதற்குத்தான் ரொம்பப் பயிற்சி தேவைப்பட்டது என்றான் சிகாமணி. சுவரில் பாசி படர்ந்திருப்பதைப் பார்த்து ராயர் நெற்றியைச் சுருக்கினார். வாஞ்சியப்பர் முந்திக்கொண்டு, "நான்தான் வளர்க்கச் சொன்னேன், மகாராஜா. கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார். புகழில் பங்கு கேட்க அவர் என்றைக்கும் பிந்தியதில்லை. ராயர் மனம் குளிர்ந்து முளைக்குச்சியை ஓங்கி அடித்தார்.

மறுநாளே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். மாதிரி வீட்டுக்காரர்கள் வேலைக்காரர்களுக்கு மோர் கொடுத்தார்கள், கூடவே இறங்கிப் பள்ளமும் வெட்டினார்கள். மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராயர் வந்து குழாயின் அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. மருதாயி குடத்தோடு ஓடிவந்து தெருவிலேயே அழுதாள்.

"எத்தன வருஷம் கேட்டோம் சாமி. எங்க சூளைப்பாளையத்துக்கும் தண்ணி வந்திருச்சே."

வாஞ்சியப்பருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மோசடி, மகாராஜா! இது புது ஊரே இல்லை, பழைய சூளைப்பாளையம்" என்று கத்தினார்.

சிகாமணி கைகட்டி நின்றான். "மந்திரியாருக்கு நன்றாகத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? பன்னிரண்டு வருஷமாக மாதாமாதம் வருகிறேன். சந்துபொந்தெல்லாம் அத்துப்படி."

"அப்படியானால் காலி நிலம் என்று ஓலை எழுதியது யார்? முளைக்குச்சி அடித்த அன்று இதே இடத்தில் நின்று, பாசி வளர்த்தது நான் என்று சொன்னது யார்?"

பழைய ஊர் என்றால் ஓலை பொய். ஓலை மெய் என்றால் பழைய ஊர் என்று சொல்ல வழியில்லை. வாஞ்சியப்பர் நெற்றி வியர்வையை மேல்துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"ஏதோ வெயில், மகாராஜா. இது புத்தம் புது ஊர்தான்."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சிகாமணிக்குப் போட்டார். பிறகு மந்திரியின் தோளில் கைவைத்தார்.

"நல்லது. அந்தப் பழைய சூளைப்பாளையத்துக்கும் தண்ணீர் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதாமாதம் போகிறவர் நீர். வழி காட்டும், இப்போதே போவோம்."