வேவு பார்க்கப் போன நரி

ஒரு காட்டில் செல்போனும் கிடையாது, சிக்னலும் கிடையாது. இருந்தாலும் அங்கே எல்லோருக்கும் ஆட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. குழந்தைகளே, உங்கள் வீட்டு அண்ணன் முகம் தெரியாத நாலு பேரோடு கூட்டுச் சேர்ந்து கோட்டை பிடிக்கிறானே, சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, இதோ" என்கிறானே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஆட்டம்தான்.

அதை நடத்தியது ஒரு முள்ளம்பன்றி. வற்றிப்போன ஏரிக்குள் ஒரு பெரிய புற்று இருந்தது. அதுதான் பூதக் கோட்டை. அதன் வாசலில் பூதமாக நின்றது ஒரு எருமை. யார் வந்து மோதினாலும் அது நகராது. பூத வேலைக்கு அது போதும்.

ஆட வருகிறவர்கள் மரப்பட்டை முகமூடி போட்டுக்கொண்டு வேறு ஆளாகிவிடலாம். பயந்தாங்கொள்ளி முயல் அங்கே கேடயம் பிடிக்கும் தளபதி. தூங்குமூஞ்சிக் கரடி அங்கே கதாயுதம் ஏந்திய வீரன்.

ஒருவருக்கு ஒரு வேலைதான். கேடயம் பிடிப்பவர் அடிக்கக் கூடாது. அடிப்பவர் தடுக்கக் கூடாது. எருமை முட்டி விழுந்தவர், வைத்தியர் வந்து நெற்றியில் பச்சிலை வைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. கூட்டாளிகள் எல்லோரும் வந்து சேராமல் ஆட்டம் தொடங்காது. கரடி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதுவரை மற்றவர்கள் மருத மரத்தடியில் உட்கார்ந்து கரடியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டம் வந்ததிலிருந்து காட்டில் அடிதடி குறைந்துவிட்டது. சிங்க ராஜாவுக்கு அதில் பரம சந்தோஷம்.

"என் பழைய பாறைக் குகை சும்மாத்தான் கிடக்கிறது. பௌர்ணமியன்று மாலை சுற்றிப் பார்க்க வருவேன். யார் நடத்தும் ஆட்டத்தில் கூட்டம் அதிகமோ அவருக்கே குகை" என்று அது அறிவித்தது.

இதைக் கேட்ட நரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் வளை ஓடைக்கரையில் இருந்தது. போன மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்து, கடைக்குட்டிக்குச் சளி பிடித்து, அது பிழைத்ததே பெரும் பாடாகிவிட்டது. இந்த வருஷமும் மேகம் கூடத் தொடங்கியிருந்தது.

"அந்தக் குகை நமக்குத்தான்" என்றது நரி.

"எப்படி?" என்று கேட்டது பெண் நரி.

"கிட்டே போனால் குத்துகிற முள்ளம்பன்றிக்கே இவ்வளவு கூட்டம். எனக்கு வராதா?"

நரி மேட்டுப் பாறையில் தன் ஆட்டத்தைத் தொடங்கியது. வாசலில் மயில்தோகைத் தோரணம். உள்ளே மின்மினி விளக்கு. வருகிறவர்களுக்குச் சுரைக்குடுவையில் தேன். காய்ந்த புல்லால் கட்டிய பூதம் ஒன்று, தொட்டால் விழும்.

"என் ஆட்டத்தில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எவர் தயவும் வேண்டாம். கேடயமும் உங்களுக்கே, கதாயுதமும் உங்களுக்கே, பச்சிலையும் உங்களுக்கே" என்று நரி கூவியது.

முதல் நாள் காடே திரண்டு வந்தது. முள்ளம்பன்றியிடம் ஒருமுறை வென்றால் நெற்றியில் ஒரு செம்மண் கோடு போடுவார்கள். நரியிடம் வந்தவர்களுக்கு நெற்றியில் இடம் போதாமல் காதிலும் கோடு போட்டு அனுப்பினார்கள். மறுநாள் பாதிக் கூட்டம்தான் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு எலி வந்தது. தேனை நக்கிவிட்டுப் போய்விட்டது.

நரி முயலை வழிமறித்தது. "என் ஆட்டத்தில் என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லை. ரொம்ப அழகு. நான் தனியாகவே ஜெயித்துவிட்டேன். அதற்குமேல் அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை."

"அங்கே தினமும் தோற்கிறாயே?"

"நேற்றும் தோற்றோம். கரடி நின்றுகொண்டே தூங்கிவிட்டது. இன்றைக்கு அதை உண்டு இல்லை என்று ஆக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு முயல் அவசரமாக ஓடியது.

இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நரிக்குப் பட்டது. வேவு பார்த்துவிட வேண்டியதுதான் என்று முகமூடியை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனது.

"வைத்தியர் வேலைதான் காலி" என்றது முள்ளம்பன்றி. அது அதிகம் பேசாது.

மரத்தடியில் காத்திருந்தபோது நரிக்கு எரிச்சலாக வந்தது. முயல் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி முடித்து, மறுபடி ஆரம்பிக்கும்போது கரடி வந்து சேர்ந்தது. ஆட்டம் தொடங்கியது. எருமை ஒரு முட்டு முட்டியதும் முயல் மல்லாந்து விழுந்தது.

"வைத்தியரே, சீக்கிரம்" என்று கரடி கத்தியது.

நரி ஓடிப்போய்ப் பச்சிலை வைத்தது. முயல் எழுந்து மறுபடி கேடயம் பிடித்தது. அன்றும் தோல்விதான். கலைந்து போகும்போது முயல், "நாளைக்கும் வருவீர்கள் அல்லவா? நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் விழுந்தே கிடக்க வேண்டியதுதான்" என்றது.

நரியை எல்லோரும் எப்போது போவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு வருவாயா என்று பிறந்ததிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை.

"சூட்சுமம் தெரிந்ததா?" என்று வீட்டில் பெண் நரி கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஆராய வேண்டும்" என்றது நரி.

மறுநாளும் ஆராயப் போனது. அதற்கு மறுநாளும் போனது. நாள் ஆக ஆக, கரடி வரத் தாமதமானால் முதலில் திட்ட ஆரம்பிப்பது நரிதான் என்றாகிவிட்டது.

பௌர்ணமி வந்தது. சூட்சுமம் கிடைக்காவிட்டாலும் நரியிடம் தந்திரம் இருந்தது. ராஜா வரும் நேரத்தில் பாறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வயிறு முட்டத் தேன் என்று காடெங்கும் சொல்லி வைத்தது. குடுவைகளைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்தது. அந்த இடம் நரிக்கு மட்டுமே தெரியும்.

"நான் ஏரிப் பக்கம் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்" என்றது நரி.

"இன்றைக்குமா?" என்றது பெண் நரி.

"எருமைக்குக் கால் நடுங்குகிறது. இன்றைக்குக் கோட்டை விழுந்தாலும் விழும். நான் இல்லாவிட்டால் முயல் போய்ச் சேர்ந்துவிடும். இதோ, இதோ வந்துவிடுவேன்."

பாறையில் கூட்டம் கூடியது. தேனைக் காணோம். கொடுக்க வேண்டிய ஆளையும் காணோம். கூட்டம் கொட்டாவி விட்டுக் கலைந்தது. சிங்கம் வந்தபோது தோரணமும், புல் பூதமும், குட்டிகளோடு பெண் நரியும்தான் மிச்சம். சிங்கம் ஏரிக்கு நடந்தது.

ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். நடுவே முகமூடி போட்ட வைத்தியர் ஒருவர் பச்சிலையும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார். வாலைப் பார்த்ததும் சிங்கத்துக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"நரியே, உன் ஆட்டம் அங்கே காலியாகக் கிடக்கிறது. நீ இங்கே என்ன செய்கிறாய்?"

"மன்னிக்க வேண்டும் ராஜா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். முயல் விழுந்து கிடக்கிறது" என்றது நரி.

சிங்கம் தள்ளி நின்றது. பிறகு முள்ளம்பன்றியைக் கூப்பிட்டு, "குகை உனக்கு" என்றது. "சரி" என்றது முள்ளம்பன்றி. அதே நேரத்தில் எருமை ஒரு அடி பின்வாங்கியது. கூட்டம் ஓவென்று கூச்சலிட்டதில் குகை விஷயம் நரியின் காதில் விழவே இல்லை. யாரோ சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது.

திரும்பும் வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நரி வளைக்கு வந்தபோது வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"குகை?" என்று கேட்டது பெண் நரி.

"எருமை ஒரு அடி பின்வாங்கிவிட்டது" என்றது நரி.

பெண் நரி கடைக்குட்டியைத் தூக்கி நரியின் தலைமேல் வைத்தது.

நீதி: பகட்டைப் பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார், தன்னை எதிர்பார்த்துக் கூட்டாளிகள் காத்திருக்கும் இடத்தை விட்டு எவராலும் எளிதில் எழுந்து வர முடியாது.